பார்க்க ஒன்றுமில்லாத இடம்

அருவி வரைக்கும் தார் ரோடு போட்டு முடித்த அன்றைக்கு ஜீப்புக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் இனிப்புக் கொடுத்தார்கள். அவர்களும் வாங்கித் தின்றார்கள். தங்கள் பிழைப்பில் மண் விழுந்ததற்கான இனிப்பு அது என்று அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை. அடுத்த வாரமே டவுனிலிருந்து கிளம்பிய பெரிய வண்டிகள், மலையடிவாரத்து பஸ் ஸ்டாண்டில் மூச்சு வாங்கக்கூட நிற்காமல் நேராக மேலே ஏறிப் போயின. அருவிக்குப் பக்கத்திலேயே வண்டி நிறுத்த இடம், சிமென்ட் மேடை, மேடையின் நான்கு மூலையிலும் ஸ்பீக்கர், நொறுக்குத் தீனிக் கடைகள். ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போக இனி யாருக்கு என்ன தலையெழுத்து?

ஜீப்புக்காரர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஒருவன் வண்டியை விற்றுவிட்டுக் கோழிக்கடை வைத்தான். இன்னொருவன் செங்கல் ஏற்றப் போனான். வண்டியை வாசலிலேயே போட்டு வைத்துக்கொண்டு, தினமும் காலையில் அதைத் துடைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டவன் ஒருவன்தான். அவனை எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடுவார்கள்.

வண்டியைக் கிளப்பினால் வாயையும் கிளப்பிவிடுவான், அதனால் வந்த பெயர். "அதோ பாருங்க சார், வலது பக்கம், யானை படுத்திருக்கிற மாதிரி ஒரு பாறை. தெரியுதா? தெரியலேன்னா கண்ணாடியத் தொடச்சுக்குங்க. இந்த வளைவுலதான் ஒரு கல்யாணக் கோஷ்டி மாப்பிள்ளைய மறந்து விட்டுட்டுப் போயிருச்சு. பொண்ணு மட்டும் மேல போய் அருவியப் பாத்துட்டு வந்துச்சு!" பாதி பொய். ஆனால் சிரிக்காத ஆள் கிடையாது. அருவியைவிட ரேடியோவின் பேச்சு நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு.

அந்தப் பேச்செல்லாம் வாசலோடு சரி. வீட்டுக்குள் நுழைந்தால் ஸ்டேஷன் மூடிவிடும். சோற்றைப் பிசைவான், தின்பான், சுவரைப் பார்த்துக்கொண்டு படுப்பான். அவன் மனைவியை ஜீப்புக்காரர்கள் அத்தனை பேரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே சொல்லலாம். அவள்தான் ஜீப்பில் போகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். விடிவதற்குள் உலை வைத்து, பருப்பு வேகவைத்து, ஆளுக்கு ஒரு முட்டை அவித்து, சூடு ஆறுவதற்குள் மடித்துக் கட்டிவிடுவாள். ரோடு வந்த பிறகு அந்தப் பெரிய அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தவள்தான், மறுபடி நிமிர்த்தவேயில்லை.

மழை தொடங்கின வாரத்தில் அவளுடைய அண்ணன் வந்தார். துறைமுகத்தில் எண்ணெய் டேங்கர் ஓட்டுகிறவர். வாட்டசாட்டமான ஆள், எஞ்சின் சத்தத்திலேயே காலம் கழிந்ததால் பக்கத்தில் இருப்பவரிடமும் எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதையும் மீறி அவர் குரல் கேட்டது.

"மாப்பிள்ளை, எங்க கம்பெனியில ஒரு டிரைவர் நின்னுட்டான். மேனேஜர்கிட்ட உங்களப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன். தங்க இடம் இருக்கு, சாப்பாடு இருக்கு. வேற என்ன வேணும்?"

ரேடியோ தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லீவு எப்ப குடுப்பாங்கண்ணா?" என்று அக்காதான் கேட்டாள்.

"லீவா? மழைக்காலத்துல ஒரு தடவ, வெயில்காலத்துல ஒரு தடவ வரலாம். நான் என்ன உங்கண்ணி கூடவா இருக்கேன்? அவ நல்லாத்தானே இருக்கா!"

"அண்ணி நல்லா இருக்காங்கன்னு நீங்க சொல்றீங்க."

"என்ன பேச்சுடி இது! இங்க உக்காந்து ஜீப்பத் தொடச்சுத் தொடச்சு பெயின்ட்டே போயிருச்சு. ஞாயித்துக்கிழமை இந்தப் பக்கமா லோடு வருது. நேரா இங்க வர்றேன். மாப்பிள்ளை, துணிமணி எடுத்து வச்சுட்டு ரெடியா இருங்க."

"சரி மச்சான்" என்றான் ரேடியோ. அந்த வேளைக்கு அவன் பேசியது அந்த இரண்டு வார்த்தைதான். அக்கா அவனுக்குக் கொஞ்சம் சோறு போட்டாள். போதும் என்று கையைக் காட்டினான்.

மறுநாள் ரேடியோ ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு, பழுதே இல்லாத எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். ஜன்னல் கட்டையில் கிடந்த அவனுடைய போன் அடித்தது. அக்கா மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

ஒரு வயதான அம்மாவின் குரல். ஒவ்வொரு வார்த்தையையும் கழுவித் துடைத்து எடுத்து வைக்கிற மாதிரி அவ்வளவு சுத்தம்.

"அருவிக்கு ஜீப் ஓட்டுவாரே, அவரோட நம்பர்தானே?"

"ஆமாங்க. அவர் வண்டி வேலையா இருக்கார். சொல்லுங்க."

"எனக்கு அருவி வேண்டாம்."

"சரிங்க..."

"போன மாசம் என் பையன் பெருசா வண்டி பிடிச்சுக் கூட்டிட்டு வந்தான். ஸ்பீக்கர்ல பாட்டு, ஜனக்கூட்டம், சீட்டி. அருவி எந்தப் பக்கம் இருக்குன்னுகூட எனக்குத் தெரியல. தண்ணி மேல தெறிச்சுது, அதான் அருவின்னு சொன்னாங்க. குழாய் ஒடஞ்சாலும்தான் தெறிக்கும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"எனக்குக் கண் தெரியாதும்மா. பிறந்ததுலேருந்தே. மழைக்காடு மழைக்காடுன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்னன்னு எனக்குத் தெரியணும். கூட்டம் இருக்கக் கூடாது, பாட்டு இருக்கக் கூடாது. நாலஞ்சு பேருக்குப் போன் பண்ணிட்டேன். நீங்க வந்து என்ன பாக்கப் போறீங்கன்னு கேக்குறாங்க. என் மருமகதான் உங்க நம்பர் குடுத்தா. கல்யாணத்துக்கு முன்னாடி உங்க வண்டில வந்திருக்காளாம்."

அக்கா ஒன்றும் பேசவில்லை.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேங்க."

"தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்தவ நான். பேசாம இருந்தாலும் ஆள் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சிரும். சும்மா கேட்டேன்."

அக்கா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள். மேகம் பாதி மலையை விழுங்கியிருந்தது. அருவிக்கு மறுபக்கம், ஒரு காலத்தில் மரம் வெட்டும் லாரிகள் போய்வந்த பாதை ஒன்று உண்டு. வெட்டு நின்ற பிறகு காடு அந்தப் பாதையைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது. அங்கே யாரும் போவதில்லை. அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று ரேடியோவே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறான்.

"அப்படி ஒரு இடம் இருக்குங்கம்மா" என்றாள். "சனிக்கிழமை வாங்க."

ஜீப்புக்கு அடியிலிருந்து ரேடியோவின் தலை வெளியே வந்தது.

"என்ன காரியம் பண்ணுன நீ? யாரைக் கேட்டு வரச் சொன்ன?"

"உங்களத்தான் தேடுனாங்க. நீங்க வண்டிக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டிருந்தீங்க."

"கண்ணு தெரியாதவங்களக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறதா? வேரு தடுக்கும், அட்டை கடிக்கும், வழுக்கும். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? அத விடு. நான் அங்க போய் என்ன சொல்லுவேன்? அதோ பாருங்க, இதோ பாருங்க, இத விட்டா எனக்கு என்ன தெரியும்?"

"அது உங்களுக்கு இப்பவாவது தெரிஞ்சுதே" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அவன் ஸ்பானரை வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்திருந்தான். கோபம்தான். ஆனாலும் கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அந்தப் பாதைக்குப் பர்மிஷன் வாங்கணும்."

"வாங்குங்க."

"காவல்காரரு ஒரு மாதிரி ஆளு. வளவளன்னு பேசுனா பிடிக்காது அவருக்கு."

"அப்ப நானும் வர்றேன்" என்றாள் அக்கா.

வனக்காவலர் சோதனைச் சாவடியில் குடையை விரித்துத் தலைக்கு மேல் கட்டிவைத்துவிட்டு, அதற்கடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சாவடியின் கூரை அப்படி ஒழுகியது. இருவர் சொன்னதையும் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எத்தனை பேர்?"

"மாமியாரும் மருமகளும். நாங்க ரெண்டு பேர்" என்றாள் அக்கா.

"மொதல்ல நீங்க ரெண்டு பேரும் நடந்து பாத்துட்டு வாங்க. அப்புறம் சொல்றேன்." டீயை ஊதினார். "மரத்துல ஆணி அடிக்கக் கூடாது. எதையும் வெட்டக் கூடாது. முக்கியமா, மேல மழை பிடிச்சா ஓடையத் தாண்டக் கூடாது. அந்த ஓடை சொல்லாமக் கொள்ளாம ஏறும். அவங்க எவ்வளவு கெஞ்சுனாலும் சரி."

"கயிறு கட்டிக்கலாங்களா? மரத்துக்கு மரம், இடுப்பு உசரத்துக்கு. அவங்க பிடிச்சுக்கிட்டு நடக்க" என்று அக்கா கேட்டாள். ரேடியோ அவளைத் திரும்பிப் பார்த்தான். இதை எப்போது யோசித்தாள்?

காவலரும் அவளைப் பார்த்தார். "கட்டுங்க. அவங்க வந்துட்டுப் போனதும் அவுத்துரணும்."

மறுநாள் காலையில் இருவரும் போனார்கள். நைலான் கயிறு ஈரத்தில் கையை அறுக்கும் என்று அக்கா துணி உலர்த்துகிற பருத்திக் கயிறாகப் பார்த்து வாங்கியிருந்தாள். காலுறையில் சோப்பைத் தேய்த்துக்கொண்டார்கள், அட்டை ஏறாமல் இருக்க. ஜீப் போகிறவரைக்கும் போய், அதற்கப்புறம் நடை.

காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் சட்டென்று இறங்கிவிட்டது. மழை விட்டிருந்தாலும் மரங்கள் தங்கள் மழையை நிறுத்தவில்லை. மேலேயிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. வேர்கள் பாதையின் குறுக்கே பலகை பலகையாக நின்றன. சில்வண்டுகள் ஒன்றாகச் சேர்ந்து கத்தி, யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி ஒன்றாக நின்றன.

அக்கா தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். "குனிங்க."

"எதுக்கு?"

"கண்ணக் கட்டாம எப்படித் தெரியும், கயிறு எங்க வேணும், எங்க நிக்கணும்னு?"

"நீ கட்டிக்கோயேன்."

"நானும் கட்டிக்குவேன். மொதல்ல நீங்க."

கண்ணைக் கட்டினதும் ரேடியோவின் வாய் தானாகத் திறந்துகொண்டது. "இங்க ஒரு வேரு இருக்கும், இல்ல? இது அந்தப் பெரிய மரந்தானே? ஏய், எங்க இருக்க? கைய விட்டுறாத. இங்கதான் அந்தக் காலத்துல ஒரு லாரி கவுந்து..."

"கொஞ்சம் வாய மூடிக்கிட்டு வாங்களேன்."

"பயமா இருக்குடி."

அவன் அப்படிச் சொல்லி அக்கா கேட்டதே இல்லை. அவள் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய்க் கறை ஊறிய முரட்டுக் கை. குழந்தையின் கைபோல அவள் கைக்குள் ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. மெதுவாகக் காலை வைத்தான். ஓரிடத்தில் தானாகவே நின்றான்.

"தண்ணி."

"எங்க?"

"இடது பக்கம். கீழ. ஓடையில்ல, சின்னதா... கல்லுக்கு அடியில ஓடுது."

அக்கா குனிந்து இலைகளை விலக்கினாள். விரல் அகலத்துக்கு ஒரு நீர்க்கோடு, கல்லுக்கடியில் நுழைந்து போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தில் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டாள். முடிச்சு கைக்குப் பட்டால் நிற்க வேண்டும் என்று கணக்கு.

அப்படியே போனார்கள். பலகை வேர் இருந்த இடத்தில் ஒரு முடிச்சு. கிள்ளினால் காரமாக மணக்கிற இலைப் புதரிடம் ஒரு முடிச்சு. பாசி மெத்தென்று படர்ந்த பாறையில் அவன் கையை எடுத்து வைத்தபோது, "அட" என்றான். அந்தப் பாறையிலேயே இருவரும் உட்கார்ந்தார்கள். துண்டு இன்னும் அவன் கண்ணில்தான் இருந்தது.

"டேங்கர் ஓட்டப் போறீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"போகாம?"

"நீங்க போனா நான் வீட்ல யாருகூடப் பேசறது?"

"இப்ப மட்டும்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"அதத்தான் நானும் சொல்றேன். ஊரே உங்க பேச்சக் கேட்டுச்சு. எனக்குத்தான் கிடைக்கல. சரி, வெளிய பேசிப் பேசித் தொண்டை வறண்டு வர்றாரு, பேசாம இருக்கட்டும்னு விட்டேன். வேலை போயும் நீங்க பேசல. இங்கயே இருந்துக்கிட்டுப் பேசாம இருக்கறதுக்கும் துறைமுகத்துல இருந்துக்கிட்டுப் பேசாம இருக்கறதுக்கும் என்ன வித்தியாசம்னு யோசிச்சேன். இருக்கு. நீங்க சாப்பிடுற சத்தமாவது கேக்கும்."

ரேடியோ பாசியைத் தடவிக்கொண்டிருந்தான். அவள் முகம் தெரியாததால்தானோ என்னவோ, பிறகு சொன்னான்.

"எனக்கு மொகத்தப் பாத்துப் பேச வராதுடி. வண்டில எல்லாரும் எனக்குப் பின்னால உக்காந்திருப்பாங்க. நான் ரோட்டப் பாத்துக்கிட்டுப் பேசுவேன். வீட்டுக்கு வந்தா நீ எதுக்க உக்காந்திருக்க. என்ன சொன்னாலும் இவளுக்குத்தான் எல்லாம் தெரியுமேன்னு தோணும். பொய்ய எடுத்து விட முடியாது. உண்மையச் சொன்னா... ரோடு வந்ததுலேருந்து ராவெல்லாம் நெஞ்சு அடிச்சுக்குது. அதையா சொல்றது?"

"அதத்தான் சொல்லணும்" என்றாள் அக்கா. அவள் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. அவன் துண்டை அவிழ்க்கப் போனான். "அவுக்காதீங்க. இன்னும் கொஞ்சம் இருங்க" என்றாள்.

திரும்பி வரும்போது அவள் கண்ணைக் கட்டிக்கொண்டாள். அவன் நடத்திக்கொண்டு வந்தான். வேர் வந்தால், "வேரு" என்பான். பள்ளம் வந்தால், "பள்ளம்" என்பான். மற்ற நேரமெல்லாம் வாயைத் திறக்கவில்லை. சாவடியில் காவலர் அவர்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சனிக்கிழமை மாமியாரும் மருமகளும் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். எக்ஸ்சேஞ்ச் அம்மா ஒல்லியாக, நெட்டையாக இருந்தாள். மடக்குத் தடி, ரப்பர் செருப்பு, காதை மறைக்காமல் தூக்கிக் கட்டிய கொண்டை. மருமகள் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"அத்தை, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. அருவிக்கே போயிரலாம். அங்க பாத்ரூம் இருக்கு."

"நம்ம வீட்லகூடத்தான் இருக்கு. நீ வேணா திரும்பிப் போ."

"நல்லா இருக்கே! நான் போயிட்டா உங்க பையன் என்னைய வீட்டுக்குள்ள விடுவாரா?"

அக்கா அவர்களுக்கு அவித்த முட்டையும் ரொட்டியும் வாழைப்பழமும் பிளாஸ்க்கில் கறுப்புத் தேநீரும் எடுத்து வைத்திருந்தாள். மருமகளின் ஷூவைப் பார்த்துவிட்டுத் தன்னுடைய பழைய ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து போட்டாள். வழிநெடுக ஜீப் குலுங்கியது. ரேடியோ வாயைத் திறக்கவில்லை. யானைப் பாறை தானாக வந்து தானாகப் போயிற்று.

"அன்னிக்கு எவ்வளவு பேசுனாரு இவரு!" என்று மருமகள் அக்காவின் காதில் சொன்னாள். "ஒடம்பு சரியில்லையா?"

கயிற்றைக் கையில் கொடுத்ததும் எக்ஸ்சேஞ்ச் அம்மா தடியை மடக்கி மருமகளிடம் நீட்டிவிட்டாள். ஆரம்பத்தில் ஒவ்வொரு அடியாகப் போனாள். பிறகு நடை பழகிவிட்டது. முதல் முடிச்சில் நின்றாள். தலையைச் சாய்த்தாள். "கீழ தண்ணி ஓடுதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்து விரலை நனைத்துக்கொண்டாள். பலகை வேரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிக்கொண்டே போனாள். போனாள், போனாள், வேர் முடியவில்லை. "இது ஒரே மரமா? பொய் சொல்லாதீங்க!" என்றாள். சின்னப் பெண்ணைப் போலச் சிரித்தாள். இலையைக் கிள்ளி முகர்ந்து, ஒரு இலையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கணுக்காலில் அட்டை ஏறியது தெரிந்ததும் அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. "எடு, எடு, எடு!" என்று காடே கேட்கக் கத்தினாள். மருமகள்தான் குனிந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே, இரண்டு விரலால் அதைப் பிடுங்கிப் போட்டாள். தன்னாலா இது முடிந்தது என்று விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம்தான் அக்கா முக்கியமான இடத்தை வைத்திருந்தாள்: உள்ளே குடைந்த ஒரு பெரிய மரம். நான்கு பேர் உள்ளே நிற்கலாம். வெளியே பெய்கிற மழை அதற்குள் வேறு மாதிரி கேட்கும். காட்டிலிருந்து திரும்பியதும் அதைப் பற்றிப் போனில் எக்ஸ்சேஞ்ச் அம்மாவிடம் சொல்லியுமிருந்தாள். ஆனால் அவர்கள் ஓடையை நெருங்குவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. மேலே எங்கேயோ அதற்கும் முன்பே பிடித்திருக்க வேண்டும். கயிறு கட்டின அன்றைக்குக் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் இப்போது பழுப்பு நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது.

"இங்கயே நிக்கணும்மா" என்றான் ரேடியோ.

"அந்த மரம்?"

"இன்னிக்கு முடியாது."

"கையப் பிடிச்சுக்கிறேன். நாலு எட்டுதானே இருக்கும்?"

"இல்லம்மா."

"இவ்வளவு தூரம் வந்துட்டு! தம்பி, எனக்கென்ன, அடிக்கடி வர வாய்க்குமா? கண்ணிருக்கிறவங்களா இருந்தா தாண்ட விடுவீங்க. எனக்குத்தானே இந்தச் சட்டமெல்லாம்!"

பழைய ரேடியோவாக இருந்தால் ஒரு கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்துச் சமாளித்திருப்பான். இப்போது அவளுடைய கையைப் பிடித்து, கரையில் தண்ணீருக்கு எட்டடி தள்ளி அவளை உட்காரவைத்தான். அவள் உள்ளங்கையைத் தரையில் வைத்து அழுத்தினான். தரை அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில், "கல்லு உருளுதா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. தண்ணிக்கு அடியில."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. ஆனாலும் முகம் வாடிவிட்டது. அக்கா ஊற்றிக் கொடுத்த தேநீரை வாங்கி, குடிக்காமல் வைத்திருந்தாள். பாறை ஒன்று கூரைபோலத் துருத்திக்கொண்டிருந்த இடத்தில் நான்கு பேரும் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு மனசு கனத்துப் போயிற்று. இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் ஒரு கிழவியை மழையில் நனையவைத்ததுதான் மிச்சமா?

மழை நின்றது. தவளைகள் ஆரம்பித்தன. முதலில் ஒன்று, அதற்குப் பதில் ஒன்று, பிறகு எது எங்கே என்று தெரியாமல் எல்லாப் பக்கமும். எக்ஸ்சேஞ்ச் அம்மா நிமிர்ந்தாள். அவள் தலை ஒவ்வொரு சத்தத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் திரும்பியது. வேலை பார்த்த காலத்தில் எத்தனை மணிகளுக்கு, எத்தனை குரல்களுக்கு அப்படித் திரும்பியிருப்பாளோ.

"அத்தை, அது எந்த..."

"உஷ்."

அப்போது தலைக்கு மேலே, மரங்களின் உச்சிக்கும் மேலே, யாரோ ஒரு பெரிய ஜமக்காளத்தை உதறி உதறிக்கொண்டு போவது போல ஒரு சத்தம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிற்று. மருமகள் அண்ணாந்து பார்த்தாள், இலைதான் தெரிந்தது. எக்ஸ்சேஞ்ச் அம்மாவின் முகம் மட்டும் அந்தச் சத்தத்தோடு கூடவே, ஒரு விரற்கடை பிசகாமல், வானத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு போனது.

"என்ன தம்பி அது?"

"இருவாச்சிம்மா. பறவை."

"பறவையா! இறக்கையா அது?"

"ஆமாம்மா."

"உங்களுக்கு ரேடியோன்னு பேராமே. என் மருமக வழியெல்லாம் உங்க பெருமையத்தான் பேசிட்டு வந்தா. நீங்க என்னடான்னா ஒத்த வார்த்தையா எண்ணி எண்ணிக் குடுக்குறீங்க. எனக்குக் கண்ணுதானே இல்ல? சொல்லுங்க. என் கைக்கு எட்டாதது எதையாவது சொல்லுங்க."

ரேடியோ அக்காவைப் பார்த்தான். அவள் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. பச்சை என்று ஆரம்பிக்க வாயெடுத்தான்; பச்சை இவளுக்கு என்ன செய்யும்? அண்ணாந்து பார்த்தான். மரங்கள் போய்க்கொண்டே இருந்தன. எவ்வளவு உயரம் என்று எதை வைத்துச் சொல்வது? அவன் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

"அம்மா, மழை நின்னு எவ்வளவு நேரமாச்சு! இன்னும் சொட்டுது, பாத்தீங்களா... கேட்டீங்களா? இது இப்ப பெய்யிற மழையில்ல. அப்பவே பெஞ்சது. உச்சி இலையில விழுந்து, அதுலேருந்து கீழ இருக்கிற இலைக்கு, அங்கேருந்து அதுக்குக் கீழ, அப்படியே ஒவ்வொரு மாடியா எறங்கி எறங்கி இப்பத்தான் நம்ம கிட்ட வருது. அவ்வளவு உசரம்மா இது."

எக்ஸ்சேஞ்ச் அம்மா பாறைக்கு வெளியே நகர்ந்து முகத்தை மேலே காட்டினாள். சொட்டுகள் கன்னத்தில் விழுந்தன, மூக்கில் விழுந்தன. எண்ணுகிறவளைப் போல உதடு அசைந்தது. ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள்.

"யாரும் எனக்கு உசரத்தச் சொன்னதில்ல" என்றாள் கடைசியில். "உசரம்னா உசரம்னு சொல்லிட்டுப் போயிருவாங்க."

மருமகளும் எழுந்து வந்து பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நிமிர்த்தினாள். "அத்தை, என் மேல வெயிட்டா ஒண்ணு விழுந்துச்சு" என்றாள்.

"அது பக்கத்து மாடியா இருக்கும்" என்றாள் மாமியார்.

எல்லோரும் சிரித்தார்கள். முட்டையை உரித்துத் தின்றார்கள். பஸ் ஏறும்போது எக்ஸ்சேஞ்ச் அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மரம் எனக்குப் பாக்கி இருக்கு. தண்ணி எறங்குனதும் சொல்லு. நானே வர்றேன். இவ வராட்டியும் வருவேன்" என்றாள்.

"நான் ஏன் வர மாட்டேன்?" என்றாள் மருமகள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் போய்க் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்து, கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தபோது டேங்கர் வந்து நின்றது. அண்ணன் இறங்கி வரும்போதே குரல் முன்னால் வந்தது.

"மாப்பிள்ளை ரெடியா?"

துணிமணி எதுவும் எடுத்து வைக்கவில்லை. ரேடியோ உள்ளே போனில் இருந்தான். அண்ணன் உட்கார்ந்தார். அக்கா தேநீர் கொடுத்தாள்.

"அவரு வரலண்ணா."

"என்னது?"

"வரல. இங்க ஒரு வேலை ஆரம்பிச்சிருக்கோம்." சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அண்ணன் கேட்டுக்கொண்டார். அவருக்குக் கோபமும் வந்தது, குழப்பமும் வந்தது.

"கண்ணு தெரியாதவங்கள வச்சு எத்தனை நாளைக்கு ஓடும்?"

"அவங்க மட்டுமில்லண்ணா. கூட்டம் பிடிக்காதவங்க எங்கயும் இருப்பாங்க. கொஞ்சம் பேர் வந்தாப் போதும், நிறையப் பேர் வரவும் கூடாது. இந்த மழைக்காலம் முழுக்கப் பாக்கிறோம். சரிவரலேன்னா நானே உங்களுக்குப் போன் பண்ணி இவர அனுப்பி வைக்கிறேன். அப்ப ரோஷமெல்லாம் பாக்க மாட்டேன்."

அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு உள் அறைப் பக்கம் பார்த்தார். ரேடியோ போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். பேசவில்லை. "ம்" என்றான். மறுபடி நெடுநேரம் கழித்து, "ம்" என்றான்.

"யார்கிட்ட பேசிட்டிருக்காரு?"

"பேசல, கேட்டுக்கிட்டிருக்காரு. அந்த அம்மாவோட சிநேகிதியாம். எக்ஸ்சேஞ்சுல பக்கத்து சீட்டாம். அவங்களும் வரணுமாம்."

"இவரா இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டிருக்காரு?" அண்ணனின் குரல் முதல் முறையாகத் தணிந்தது. தேநீரைக் குடித்து முடித்தார். "சரி. மேனேஜர்கிட்ட ஏதாவது சொல்லிக்கிறேன். உங்கண்ணியக் கூட்டிட்டு வந்தா எங்களையும் அங்க கூட்டிட்டுப் போவீங்களா?"

"கத்தாம வந்தா கூட்டிட்டுப் போறோம்."

அவர் சிரித்துக்கொண்டே வண்டியேறினார். டேங்கர் திருப்பத்தில் மறைகிறவரைக்கும் அக்கா வாசலில் நின்றாள். மேகம் மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வந்தபோதும் ரேடியோ போனில்தான் இருந்தான். அவளைப் பார்த்ததும், பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினான். உட்கார்ந்தாள். போனை இருவர் காதுக்கும் நடுவில் பிடித்தான்.

அந்தப் பக்கம் நடுங்கிய ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது: "உங்க காட்டுல மழை எந்த மாசம் நல்லாக் கேக்கும்?"

இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள்.